காத்தாடி வெச்ச கவசம்

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலத்துல, நெஞ்சுல பிளாஸ்டிக், இடுப்புல பேட்டரி, நடுவுல செவப்பும் கறுப்புமா வயரு, இதையெல்லாம் கட்டிக்கிட்டு, மேல அப்பாவோட சட்டைய மாட்டிக்கிட்டு, செக்பாயிண்டு வரிசையில சிரிச்சுக்கிட்டே நின்னவன் நான். அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. சின்னப் பையன் தானேன்னு தப்பிச்சுக்கலாம்னா, எங்க லயத்துல பன்னெண்டு வயசுல வேற எட்டுப் பேரு இருந்தானுங்க. அவனுங்க யாரும் இதச் செய்யல.

எங்க தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேல இருக்குற ரப்பர் தோட்டம். சுத்தி வர சிங்கள ஊரு, நடுவுல வரிசை வீடுங்களா எங்க நாலு லயம். கடைக்குப் போனா சிங்களம், வீட்டுக்கு வந்தா தமிழ். எனக்கு சிங்களம் தண்ணி மாதிரி வரும். அதுல கொஞ்சம் தலைக்கனமே உண்டு. அந்தத் தலைக்கனம் இந்தக் கதையில ஒரு எடத்துல வரும், ஞாபகம் வெச்சுக்கங்க.

ஸ்கூல்ல ஒரு ராஜா நாடகம் போட்டாங்க. போட்டி கேகாலையில. எனக்குக் கெடச்சது வாசல் காவல்காரன் வேஷம். வசனம் கெடையாது. ராஜா அழுவாரு, மந்திரி கத்துவாரு, ராணி மயங்கி விழுவாங்க, நான் ஈட்டியப் புடிச்சுக்கிட்டு அசையாம நிக்கணும். "பேசத் தான் வரல, அசையாம நிக்கவாவது வருதான்னு பாப்போம்"னாங்க டீச்சர். மொதல்ல அட்டையில கவசம் செஞ்சு குடுத்தாங்க. எங்க பக்கத்து மழை சொல்லிட்டா பெய்யுது? ஸ்கூல்ல இருந்து லயத்துக்கு வர்றதுக்குள்ள அட்டை ஊறி, கூழாகி, வயித்துல வழிஞ்சுக்கிட்டு வந்துச்சு.

அதப் பாத்துட்டு தான் சித்தப்பா எறங்குனாரு.

லயத்துல எங்க வீட்டுக்கு அடுத்த காம்பராவுல தான் சித்தப்பாவும் சித்தியும் இருந்தாங்க. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், சித்தி ஏழு மாசம். சித்தப்பாவுக்கு ஃபேக்டரியில ரப்பர் சீட்டு காயப் போடுற வேல. மிச்ச நேரமெல்லாம் எதையாவது பிரிச்சு எதையாவது பூட்டிக்கிட்டே இருப்பாரு. லயத்துல யார் வீட்டு ரேடியோ நின்னு போனாலும் அவரு கிட்ட தான் வரும். "அட்டை என்னடா அட்டை, பிளாஸ்டிக்குல அடிப்போம் வா"ன்னாரு.

ரப்பர் பால உறைய வைக்கிற அசிட், ஃபேக்டரிக்கு நீலக் கேன்ல வரும். வெறுங்கேன் ரெண்டக் கேட்டு வாங்கிட்டு வந்து, மூணு நாள் ஓடையில ஊறப் போட்டாரு. அப்புறம் நீளவாக்குல அறுத்து, தணல்ல காட்டி, அது இளகுனதும் என் நெஞ்சுல ஈரச் சாக்கச் சுத்தி, அதுக்கு மேல வெச்சு ஒரே அமுக்கு. நான் போட்ட சத்தத்துல அம்மா ஓடியாந்தாங்க. "கத்துனா நெஞ்சு விரியும்டா, அளவு கெட்டுப் போயிரும்"னு சித்தப்பா என்ன அதட்டுனாரு. அம்மா அவர அதட்டுனாங்க. அதுக்குள்ள பிளாஸ்டிக் ஆறிடுச்சு.

மொத நாள் மாட்டிக்கிட்டு பத்து நிமிஷம் நின்னேன். கக்கம் ரெண்டும் அறுத்துச்சு. கையத் தொங்கப் போட முடியல, பறக்கப் பாக்குற கோழி மாதிரி நின்னேன். உள்ள வேர்வை ஊத்தி உடம்பெல்லாம் பொரிப் பொரியா வந்துருச்சு. எனக்கு வேணாம் சித்தப்பான்னேன். அவரு முகம் அப்படியே மாறிப் போச்சு. "போட்டவனுக்குப் போட்டதே தெரியக் கூடாது. அப்ப தான்டா நான் செஞ்சதா அர்த்தம்"னுட்டு திரும்ப ஒக்காந்தாரு.

ரெண்டு வாரம் ஒக்காந்தாரு. சைக்கிள் டியூப நடுவுல கிழிச்சு, அறுக்குற ஓரத்துக்கெல்லாம் கரை கட்டுனாரு. உள்பக்கம் ரப்பர் சீட்டுத் துண்டு ஒட்டுனாரு. தோளுக்கு யாரோ தூக்கிப் போட்ட பஸ் சீட்டோட பஞ்சு. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஆணியில கட்டாம டியூப் வாருல முடிச்சுப் போட்டாரு, மூச்சு விட்டா அதுவும் சேந்து விரியும். பழுக்கக் காச்சுன ஆணியால கக்கத்துக்குக் கீழ ஓட்டை ஓட்டையாப் போட்டாரு. அதுக்கு மேல சில்வர் பெயிண்டு அடிச்சு, நடுவுல செவப்புல ஒரு தாமரப் பூ.

அப்பவும் சூடு போகல. அங்க தான் அவருக்கு அந்த யோசன வந்துச்சு. ஒடஞ்ச கெசட் ரேடியோவுல இருந்து சின்ன மோட்டர ஒண்ணக் கழட்டி, யோகட் கோப்பையில றெக்க வெட்டி, வயித்துக்கு நேரா ஒரு காத்தாடி வெச்சாரு. இடுப்புல நாலு டோர்ச் பேட்டரி. அப்ப எங்க லயத்துல எல்லாக் கூரையிலயும் பேட்டரி காயும். தீந்து போன பேட்டரிய வெயில்ல வெச்சா இன்னும் ரெண்டு நாள் ரேடியோ பாடும். அந்தக் கூரையில இருந்து எடுத்தது தான் நாலும். நெஞ்சுக்கிட்ட ஒரு சுவிட்ச். தட்டுனா கிர்ர்ருன்னு ஒரு சின்னச் சத்தம், வயித்துல ஜில்லுன்னு காத்து. அன்னைக்கு நான் அதப் போட்டுக்கிட்டே சோறு தின்னேன், அதப் போட்டுக்கிட்டே பாடம் எழுதுனேன். அம்மா தான் அடிச்சுக் கழட்டுனாங்க.

ஒண்ணே ஒண்ணு தான் அவரால சரி பண்ண முடியல. அதப் போட்டுக்கிட்டு சாய முடியாது. சுவத்துல சாஞ்சா பின்பக்கத்து ஓரம் பொடனியில குத்தும். நெஞ்ச நிமித்தி, முதுகு எதுலயும் படாம, விறைப்பா ஒக்காரணும். "காவல்காரன் எதுக்குடா சாயணும்?"னுட்டாரு.

போட்டி அன்னைக்கு மத்தவங்க எல்லாரும் விடியவே டீச்சரோட வேன்ல போயிட்டாங்க. காத்தாடி வயர் ஒண்ணு விட்டுப் போயிருந்ததால, அத ஒட்டிட்டு நானும் சித்தப்பாவும் பின்னாடி பஸ்ல போறதா ஏற்பாடு. கவசத்தக் கையில தூக்குனா நெரிசல்ல பெயிண்டு போயிரும். பையில அடங்காது. "போட்டுக்கிட்டே வாடா. ஒனக்குத் தான் போட்டதே தெரியாதே"ன்னாரு. நெஜமாவே தெரியல. அது தான் வெனையாப் போச்சு. மேல அப்பாவோட சட்ட, கழுத்து வரைக்கும் பொத்தான்.

பஸ்ல மூச்சு முட்டுற கூட்டம். நான் பொத்தான் இடுக்குல வெரல விட்டு சுவிட்சத் தட்டுனேன். சுத்தி எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது, நான் மட்டும் தொரை பங்களா வெராந்தாவுல நிக்கிற மாதிரி நிக்கிறேன்.

ஒரு பாலத்துக்கிட்ட பஸ் நின்னுச்சு. அப்ப அது வழக்கம் தான். எல்லாரும் எறங்கி, பையத் தொறந்து காட்டி, அடையாள அட்டையக் கையில புடிச்சுக்கிட்டு வரிசையா நடந்து, அந்தப் பக்கம் காத்துக்கிட்டிருக்குற பஸ்ல திரும்ப ஏறணும். பழகிப் போன விஷயம், எனக்கு ஒண்ணும் தோணல. சித்தப்பாவுக்குத் தோணிடுச்சு. படியில எறங்குறப்ப என் தோள இறுக்கிப் புடிச்சாரு. "அத நிப்பாட்டு"ன்னாரு மெதுவா. எத நிப்பாட்டச் சொல்றாருன்னு எனக்குப் புரியல. போட்டதே தெரியாத கவசம், ஓடுறதே தெரியாத காத்தாடி. அவரு திரும்பச் சொல்றதுக்குள்ள வரிசை எங்கள உள்ள தள்ளிடுச்சு.

தடவிப் பாத்த ஆமிக்காரன் சின்னப் பையன், மீசை கூட சரியா வரல. தோள்ல தட்டுனான். நெஞ்சுல தட்டுனான். டொக்குன்னு சத்தம். திரும்ப ஒரு தடவ, வெரல மடக்கித் தட்டுனான். டொக். அப்புறம் தலையச் சாச்சுக் கேட்டான். கிர்ர்ர்.

அவன் மூஞ்சியில இருந்த ரத்தமெல்லாம் எங்கயோ எறங்கிப் போனத நான் ஒரு முழ தூரத்துல பாத்தேன். இவன் எதுக்கு இப்படிப் பயப்படுறான்னு எனக்கு ஆச்சரியம். பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களோன்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாருமே இல்ல. பஸ்ல வந்த அத்தன பேரும் ஓடிட்டாங்க. ரோட்டுல செருப்பும் பையும் தான் கெடந்துச்சு.

"ஹெல்லென்ன எபா!"ன்னு நாலு பக்கமும் கத்துனாங்க. அசையாதன்னு அர்த்தம். என் வாழ்க்கையில நான் ஒத்திகை பாத்து வெச்சிருந்த ஒரே விஷயம் அது. அசையாம நின்னேன்.

மண் மூட்டைக்குப் பின்னாடி எத்தன துப்பாக்கின்னு எண்ண முடியல. கவசம் இடுப்புக்கு மேல மட்டும் தான். இடுப்புக்குக் கீழ எந்தப் பாதுகாப்பும் இல்லன்னு எனக்கும் கால் சட்டைக்கும் அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. ஒரு சத்தம் கெடையாது. காத்தாடி மட்டும் சுத்துது. இவ்வளவு பெரிய சத்தமா அதுன்னு நெனச்சேன்.

சித்தப்பா ரோட்டுல முட்டி போட்டு, ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டு, சின்னப் புள்ள சேர், நாடகம் சேர், வெறும் காத்தாடி சேர்னு சிங்களத்துல கத்திக்கிட்டிருந்தாரு. அவர எழுப்பி, நீயே போயி அதக் கழட்டுன்னாங்க. அவங்க எல்லாம் தூரமாப் போயிட்டாங்க. அவரு மட்டும் தனியா என் கிட்ட நடந்து வந்தாரு. பொத்தான ஒண்ணொண்ணாக் கழட்டுனாரு. தாமரப் பூ வெளிய வந்துச்சு. டியூப் வாரோட முடிச்ச அவரே தான் போட்டாரு, அவருக்கே அவுக்க வரல. "பயப்படாதடா, பயப்படாதடா"ன்னு சொல்லிக்கிட்டே பல்லால கடிச்சு அவுத்தாரு.

வெடி இல்லன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. இத்தோட முடிஞ்சிருக்க வேண்டிய கதை.

அவங்கள்ல பெரிய அதிகாரி ஒருத்தரு வந்தாரு. கவசத்தத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. டியூப் கரையத் தடவிப் பாத்தாரு, சுவிட்சத் தட்டிப் பாத்தாரு, வயர் போற வழியெல்லாம் வெரல வெச்சுப் பாத்தாரு. அவ்வளவு பொறுமையா அதுவரைக்கும் யாரும் அதப் பாத்ததில்ல. சித்தப்பாவோட வேலைய மதிக்கிறாருன்னு நெனச்சேன். என் முன்னாடி குந்திக்கிட்டு, ரொம்பப் பிரியமா, "கவ்த மேக ஹெதுவே?"ன்னாரு. யாரு இதச் செஞ்சதுன்னு.

நான் கண்ணத் தொடச்சுக்கிட்டு, எனக்குத் தெரிஞ்ச நல்ல சிங்களத்துல சொன்னேன். எல்லாமே எங்க சித்தப்பா தான் சேர். வயரு வேலையெல்லாம் அவருக்கு நல்லாத் தெரியும். எது குடுத்தாலும் செய்வாரு. கேட்டா ஒங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தருவாரு.

சித்தப்பா என்னப் பாத்தாரு. அவர ஜீப்புல ஏத்துனாங்க.

அன்னைக்கு சாயங்காலம் அப்பாவும் தோட்டத்துத் தலைவரும் வந்து என்னக் கூட்டிட்டுப் போனாங்க. லயத்துக்கு வந்து சேந்தப்ப கூரையில ஒரு பேட்டரி கூட இல்ல. அத்தனையையும் லயத்து ஆளுங்களே எடுத்துக் கக்கூஸ் குழியில போட்டுட்டாங்க. ரேடியோவையெல்லாம் வெறகுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தாங்க. ஒரு வாரத்துக்கு மேல எங்க லயத்துல யாரும் பாட்டுக் கேக்கல, யாரும் சத்தமாப் பேசல. நாய் கொரைச்சா வெளக்கு அணஞ்சுரும். அப்பா தெனமும் மொத பஸ்ல சித்தப்பாவுக்கு சோத்துப் பார்சலோட கேம்புக்குப் போவாரு, கடைசி பஸ்ல பார்சலத் திரும்பக் கொண்டு வருவாரு. சித்தி வாசப்படியில ஒக்காந்து அந்தப் பார்சல மட்டும் பாப்பாங்க. பிரிச்சிருக்கா, பிரிக்கலையா. அப்புறம் எந்திரிச்சு உள்ள போயிருவாங்க. என் கூட அவங்க பேசவே இல்ல. நாடகம் முடிஞ்சு போச்சேன்னு எனக்குக் கவலைன்னு நெனச்சுக்கிட்டாங்களோ என்னமோ. நாடகம் நான் இல்லாமலே நடந்துச்சு. வாசல்ல காவல்காரன் இல்லாதத ஒருத்தரும் கவனிக்கலையாம். ரெண்டாம் பரிசு.

பதினோராம் நாள் தோட்டத்துத் தொரை குடுத்த கடுதாசியோட போயி சித்தப்பாவக் கூட்டிட்டு வந்தாங்க. லயமே கூடிடுச்சு. அவரு பெஞ்சுல ஒக்காந்தாரு. நெஞ்ச நிமித்தி, முதுகு எதுலயும் படாம, விறைப்பா. சாஞ்சுக்கங்கன்னு யாரோ சொன்னதுக்கு வேணாம்னு தலையாட்டுனாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அச்சு அசல் அந்தக் கவசத்தப் போட்டுக்கிட்டு நான் ஒக்காந்த மாதிரியே இருந்துச்சு. சித்தப்பா தனக்கும் ஒண்ணு செஞ்சு உள்ள போட்டிருக்காருன்னு மத்தப் பசங்ககிட்ட சொல்லி, அதே மாதிரி ஒக்காந்து காட்டுனேன். எல்லாரும் சிரிச்சானுங்க.

சிரிக்க வெச்ச மொத தடவ அது. விடுவனா? கல்யாண வீடு, பொறந்த நாளு, சாமி கும்புடு, எங்க போனாலும் இந்தக் கதைய எடுத்துவிடுவேன். டொக், கிர்ர், கால் சட்ட, எல்லாம் வரிசையா வரும். கடைசியில நாற்காலியில அந்த விறைப்பு. அதுக்குத் தான் கைதட்டே. சித்தப்பா அந்த எடம் வர்றப்ப வெத்தல போடுறேன்னு வெளிய போயிருவாரு. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு போலன்னு நெனப்பேன்.

போன வருஷம் சித்தப்பா மகளோட புது வீட்டுக்குப் பால் காச்சுனோம். அன்னைக்கு சித்தி வயித்துல ஏழு மாசமா இருந்தாளே, அவ தான். வழக்கம் போலச் சொன்னேன், வழக்கம் போல ஒக்காந்து காட்டுனேன், வழக்கம் போல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவ சிரிக்கல. கூட்டம் கலைஞ்சப்புறம் பிளேன்டீயக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சா.

"அண்ணே, அப்பா முதுகுல தோலு இல்லாமத் தான் சாயாம ஒக்காந்திருந்தாரு. அதப் போயி நடிச்சுக் காட்டுறீங்களே, ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"