மாமாவின் அவுட்பாக்ஸ்

மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டு மாமா போன மழைக்காலத்தில் தவறிவிட்டார். இன்று காலை மாமி கூப்பிட்டார்.

"மாமாவோட கம்ப்யூட்டர்ல நெட்டே வரமாட்டேங்கறது. போட்டோவெல்லாம் பொண்ணுக்கு அனுப்பணும், செத்த பாரேன்."

விண்டோஸ் இல்லை, லினக்ஸ். உள்ளே பார்த்தால் 'லோ' மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி அது. நெட்வொர்க் கார்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்கான செட்டிங் வரிகளைக் காணோம். மாமா எதையோ நோண்டப்போய் அழித்திருக்கிறார்.

அந்த வரிகளைத் திரும்ப எழுதினேன். நெட் வந்தது. உடனே மாமியின் போன் ஒலித்தது.

மாமாவிடமிருந்து மெயில்.

"அவுட்பாக்ஸ்ல மாட்டிக்கிட்டிருந்த பழைய மெயில் மாமி, இப்பதான் கிளம்பியிருக்கு" என்றேன்.

மாமா போனைத் தொடமாட்டார். கறிவேப்பிலைக்கும் மெயில்தான். மாமி மெதுவாகப் படித்தார்: "கோவில்லேர்ந்து வரச்சே கறிவேப்பிலை வாங்கிண்டு வா."

இன்னொரு தடவை படித்துவிட்டுக் கேட்டார், "இதுக்குப் பதில் போட்டா போகுமோ?"

"போகும் மாமி."

நான் படியிறங்கும்போது, மேலே மாமாவின் கம்ப்யூட்டரில் மெயில் வந்த சத்தம் கேட்டது.

லினக்ஸ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டெக்னிக்கலாக நான் சொன்னது சரிதானே?