கிருமிக்காரரின் பெயர்

சேலத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் புதுச்சத்திரத்தில் இறங்கி, “அருளப்பன் தவறிட்டாருங்க” என்றார். காப்பிக் கடையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “எந்த அருளப்பனுங்க?” என்று நான்தான் கேட்டேன். “விவசாய இலாகாவுல இருந்தாரே, கோதுமைக்குப் புட்டி கொண்டாந்து குடுத்தாரே, அவருதானுங்க” என்ற பிறகே விளங்கியது. வருடக்கணக்கில் எங்கள் வரப்பில் நடந்த மனிதர். எங்களுக்கு அவர் வெறும் கிருமிக்காரர்.

அந்தப் பெயர் வந்த கதை இன்று அவரை நினைக்கக் கூடியிருக்கும் உங்களில் அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். மண்ணில் வாழும் நல்ல கிருமிகளைப் புட்டியில் கொண்டுவந்து, வெல்லத் தண்ணீரில் கலந்து, சம்பாக் கோதுமை விதையில் பூசச் சொன்னார். காலராவுக்கு ஆட்களைப் பறிகொடுத்த ஊர் இது. கிருமி என்றதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். “எல்லாக் கிருமியும் ஆளைக் கொல்லாதுங்க. இது பயிருக்குச் சோறு போடுற கிருமி” என்று வீடு வீடாகச் சொன்னார். அவர் தண்ணீர் குடித்த சொம்பை, அவர் படி இறங்குமுன்பே சாம்பல் போட்டுத் தேய்த்தோம்.

நல்லம்மாள் ஒருத்திதான் அதை விதைத்துப் பார்க்கத் தன் கிணற்றடிக் காட்டைக் கொடுத்தாள். கணவனை இழந்தவள்; அந்த விளைச்சலை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பூசிய விதையை நிழலில் உலர்த்தச் சொல்லிவிட்டு அவர் போனார். அவளோ பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிடக் கூடாதென்று, கிருமி சாகட்டும் என நல்ல வெயிலில் பாறைமேல் காயவைத்து விதைத்தாள். பயிர் பக்கத்துக் காட்டுப் பயிரைப் போலவே நின்றது. பார்வையிட வந்த மேலதிகாரி, விதையை வெயிலில் காயவைத்ததை அறிந்து எல்லோர் முன்னாலும் அவளை ஏசினார். கிருமிக்காரர் குறுக்கே வந்தார். “தப்பு என்னுதுங்க. அந்தம்மா பயத்தைக் கேக்காம விதையைக் குடுத்துட்டேன்.”

அடுத்த பட்டத்தில் அவள் வாசலில் உட்கார்ந்து எல்லாப் பயத்தையும் கேட்டார். பிறகு அந்த வெல்லத் தண்ணீரை ஒரு வாய் குடித்துக் காட்டினார். அந்த முறை கதிர் கனத்தது. அவள் கோதுமைக் கஞ்சி காய்ச்சி ஊருக்கே ஊற்றினாள். குடித்தோம், குடித்துவிட்டும் “கிருமிக்காரரே” என்றுதான் கூப்பிட்டோம். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நேற்று நல்லம்மாள் என்னையும் அழைத்துக்கொண்டு, அவர் கும்பிட்ட சேலத்து மாதா கோயிலுக்குப் போனாள். அவருக்காக ஒரு பூசை வைக்க வேண்டும் என்றாள். “யார் பேருக்கும்மா?” என்று கேட்டார் சாமியார். வழியெல்லாம் உருப்போட்டு வந்தவள் தலை குனிந்து சொன்னாள்: “அருளப்பனுங்க, சாமி.”

எங்கள் ஊர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தது அப்போதுதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வதும் அந்தப் பெயரைத்தான். இனி எத்தனை முறை கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.