போலந்து அன்ரியின் நத்தார் மீன்

குளியல் தொட்டிக்குள் ஒரு மீன் கிடந்தது. கிடந்தது என்று சொல்வதுகூடப் பிழை, நீந்திக்கொண்டிருந்தது. படுக்கப் போகுமுன் பல் தீட்ட வந்த நான் பிரஷைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மீன் என் கையைவிட நீளம். முதுகு பழைய பித்தளைச் சட்டியின் நிறம். வாயோரத்தில் மீசை மாதிரி நூல்கள் தொங்கின. தொட்டியின் ஒரு முனைக்குப் போய், திரும்ப இடம் போதாமல் உடம்பை வளைத்து, மறுமுனைக்கு வந்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது.  

அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. மெல்பேர்ணில், டண்டினொங்கில் நாங்கள் இருந்தது முழு வீடு அல்ல, ஒரு வீட்டின் பின்பாதி. நூறு வருடம் தாண்டிய மரவீடு அது. வாசல் கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகள். உள்ளே அண்ணாந்து பார்த்தால் பூவும் கொடியும் அழுத்திய தகரக் கூரை. நடுவே நீண்ட ஒரு நடை. வீட்டுக்காரர் அந்த நடையைப் பலகையால் மறித்து, முன்பக்கத்தில் தாங்களும் பின்பக்கத்தில் நாங்களுமாக வீட்டை இரண்டாக்கியிருந்தார். அவரால் பிரிக்க முடியாமல் போனது குளியலறை. அது சரியாக நடுவில் இருந்தது. ஆகவே அதற்கு இரண்டு கதவுகள், அவர்கள் பக்கம் ஒன்று, எங்கள் பக்கம் ஒன்று. உள்ளே போகிறவர் இரண்டுக்கும் கொண்டி போட வேண்டும். மூலையில் இருந்த ஷவரில்தான் எல்லோரும் குளிப்பது. இரும்புக் கால்களில் நின்ற அந்தப் பெரிய தொட்டியில் அம்மா போர்வை ஊறப்போடுவார். மற்றப்படி அதை யாரும் தொடுவதில்லை.

வீட்டுக்காரரும் மனைவியும் போலந்திலிருந்து வந்தவர்கள். எங்களுக்கு அவர்கள் போலந்து அங்கிள், போலந்து அன்ரி. நான் மீனைப் பார்த்து விறைத்து நின்றபோது மற்றக் கதவால் அங்கிள் எட்டிப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்து, ஒருவரிடமும் சொல்லாதே என்றார். நாளைக்கு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல் நாள், அவர்களுக்கு அதுதான் பெரிய விருந்தாம். விருந்துக்குரிய மீன் முதலில் தொட்டியில் நீந்த வேண்டுமாம். அவர் சிறுவனாக இருந்த ஊரில் மாடி வீடு மாடி வீடாக எல்லாத் தொட்டியிலும் மீன் நீந்துமாம், பண்டிகை முடியும்வரை ஒருவரும் குளிக்கமாட்டார்களாம். அந்த மீனை இந்த நாட்டில் உயிரோடு வைத்திருப்பதே சட்டவிரோதம் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அவர் விரலை உதட்டில் வைத்தது அதற்காக. நான் அதை ஒரு புனிதமான இரகசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். விருந்து நடக்கும் அந்த ஒரு இரவில் மிருகங்கள் மனிதர்களைப் போலப் பேசுமாம்.

மீனுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மீனும்தான் என்றார்.

பேசுவதற்கு முன்பே அதைச் சாப்பிட்டுவிடுவார்களே என்ற கணக்கு எனக்கு ஓடவில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை. மீன் போலிஷில் பேசுமா, இங்கிலிஷில் பேசுமா என்பதே என் கவலையாக இருந்தது. காலையில் எழுந்ததும் ஓடிப்போய், எனக்கு விளங்கும் பாஷையில் பேசும்படி அதனிடம் கேட்டும் வைத்தேன். பிறகு அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரக்கறியும் மாவும் தேங்காய்ப்பாலும் வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்தோம். வாசலிலேயே மணம் மூக்கில் ஏறியது. மிளகாய்த்தூள், வெந்தயம், பழப்புளி. எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் தெருவில் போகிற நாய்கூட ஒருதரம் நிற்கும்.

நான் பையைப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன். தொட்டியில் மீன் இல்லை. கழுவித் துடைத்து, அதற்குள் போர்வையும் ஊறப்போட்டாகிவிட்டது.

"அம்மா, மீன் எங்க?"

"சட்டிக்குள்ள" என்றார் அம்மா. குசினியில் நின்று சாவகாசமாகக் கைகளைத் தேசிக்காயால் தேய்த்துக்கொண்டிருந்தார். "உன்ர சித்தப்பா சந்தையில வேண்டிக்கொண்டு வந்து தொட்டிக்குள்ள விட்டிட்டுப் போட்டார். சேத்து மணம் கொஞ்சம் இருந்தது. அதுதான் புளி கூட விட்டனான்."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சித்தப்பா எங்களோடு இருந்தார், அப்பாவின் தம்பி. கண்ட இடத்தில் கண்டதை வாங்குவது அவருடைய வியாதி. ஞாயிறு சந்தைக்குப் போய் முடி வெட்டும் கடைக் கதிரை ஒன்றைத் தூக்கி வந்து எங்கள் குசினி மூலையில் வைத்தவர். தலையில்லாத துணிக்கடைப் பொம்மையைக் காரில் பக்கத்து இருக்கையில் இருத்தி, பெல்ட்டும் போட்டுக்கொண்டு வந்தவர். ஒருமுறை வாளி நிறைய உயிர் நண்டு கொண்டுவந்து, அவை குசினியெல்லாம் ஊர்ந்து, அம்மா கதிரையில் ஏறி நின்று ஏசியிருக்கிறார். தொட்டியில் மீன் நீந்தினால் அம்மாவின் யோசனை வேறு யாரிடம் போகும்? அதோடு அம்மா கடற்கரை ஊரில் பிறந்தவர். எவ்வளவு பெரிய மீனென்றாலும் அவருக்குக் கத்தியும் பலகையும் போதும்.

நான் அழத் தொடங்கினேன். "அது அங்கிளின்ர மீன். இண்டைக்கு அது கதைக்கப் போறது!"

"என்ன சொல்றாய்?"

அந்த நேரத்தில் சித்தப்பாவே வந்து சேர்ந்தார். பழைய கட்டடங்களை இடித்த சாமான் விற்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். கையில் ஏதோ தேவாலயக் கதவில் இருந்து கழற்றிய பெரிய இரும்புப் பூட்டு. சாவி இல்லை.

"தம்பி, தொட்டிக்குள்ள விட்ட மீன் நீங்கள் வேண்டினதுதானே?" என்றார் அம்மா.

"நான் மீன் வேண்டேல்லயே அண்ணி. இதை மட்டும்தான் வேண்டினனான்" என்று பூட்டைத் தூக்கிக் காட்டினார் சித்தப்பா.

 அம்மா அகப்பையை மெதுவாகச் சட்டி விளிம்பில் வைத்தார். அதே கணத்தில் குளியலறைப் பக்கம் தண்ணீரைக் கலக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து எங்கள் கதவில் தட்டும் சத்தமும் கேட்டன. போலந்து அன்ரி நின்றார். ஒரு கையில் எங்கள் ஈரப் போர்வையின் நுனி.

"வேர் இஸ் மை ஃபிஷ்?"

 அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்குரிய இங்கிலிஷும் கைவசம் இருக்கவில்லை. அடுப்பை நோக்கிக் கையை நீட்டினார். அன்ரி வந்து சட்டிக்குள் குனிந்து பார்த்தார். சிவந்து கொதித்த குழம்புக்குள் துண்டுகள் மிதந்தன. அன்ரி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த முடிவெட்டும் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். கதிரை ஒரு சுற்றுச் சுற்றி அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தியது. முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நான் நினைத்தேன். சித்தப்பா கதிரையை மெல்லத் திருப்பினார். அன்ரி சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீரும் வழிந்தது.

பிறகு என்னிடம் செதில் எங்கே என்று கேட்டார். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இன்னும் பயந்துபோனார். "ஐயோ, அதைக் குப்பைக்குள்ள போட்டிட்டனே." அன்ரி எங்கள் குப்பை வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பத்திரிகைப் பொட்டலத்தை எடுத்தார். செதில்களைக் கழுவி எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைத்தார். வருடம் முழுக்க அதைக் காசுப் பையில் வைத்திருந்தால் குறைவு வராதாம். சாவியில்லாத பூட்டை மறந்து சித்தப்பா செதிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அபூர்வச் சாமான் ஒன்று காசில்லாமல் கிடைத்தது அவருக்கு அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

கதவருகில் போய் நின்று அன்ரி சொன்னார், மீன் எங்கள் மேசைக்கு வரவேண்டிய மீன், அது வரும்போது நீங்களும் வாருங்கள் என்று.

அன்று பின்னேரம் எங்கள் ஊர்வலம் குளியலறைக்கு ஊடாகப் போனது. முன்னால் குழம்புச் சட்டியோடு அம்மா, பின்னால் புட்டோடு அப்பா, பிறகு கதிரைகளோடு சித்தப்பாவும் நானும். தொட்டியைக் கடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் நட்சத்திரம் தெரியும்வரை சாப்பிடக்கூடாதாம். பனி பெய்யும் தேசத்தில் அது நாலு மணிக்கே தெரிந்துவிடும். மெல்பேர்ண் கோடையில் சூரியன் போக மனமில்லாமல் நின்றது. பசியில் எனக்குக் கண் இருட்டிய பிறகே அங்கிள் முற்றத்திலிருந்து சத்தம் போட்டார். மேசையில் வெள்ளைத் துணி, துணிக்குக் கீழே கொஞ்சம் வைக்கோல். பீற்றூட் சூப், கொழுக்கட்டை போன்ற ஒன்று, காளான், ஊறுகாய் மீன். நடுவில் எங்கள் சட்டி. அங்கிள் மெல்லிய அப்பம் ஒன்றை எல்லோருக்கும் நீட்டினார், ஒவ்வொருவரும் அதில் ஒரு துண்டை முறித்து மற்றவரை வாழ்த்த வேண்டும். கோயிலில் திருநீறு வாங்குவதுபோல அப்பா இரண்டு கைகளையும் ஏந்தினார்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஒரு கதிரை காலியாக இருந்தது. அதற்கு முன்னால் தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்கள். இன்னும் யார் வரவேண்டும் என்று கேட்டேன். அன்ரி விளக்கமாகச் சொன்னார். வீட்டில் இங்கிலிஷ் நன்றாக ஓடுவது எனக்குத்தான். அம்மாவுக்கு நானே மொழிபெயர்த்தேன்.

"தெருவில போறவை ஆரும் வந்தால் அவைக்காம் அம்மா. வர ஏலாமல் போன ஆக்களுக்குமாம்."

"வர ஏலாமல் போன ஆக்களுக்குமோ?"

"ஓம். ஆரெண்டு சொல்லத் தேவையில்லையாம். சும்மா வைக்கிறதாம்."

அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் குழம்பைச் சுவைத்துவிட்டு மூக்கைத் துடைத்தார், சித்தப்பா சிரித்தார், அப்பா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். திடீரென்று அம்மா எழுந்தார். காலித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அதில் புட்டு வைத்தார், குழிபறித்துக் குழம்பு விட்டார். பிறகு சட்டியின் அடியிலிருந்து மீன்தலையை உடையாமல் அகப்பையில் ஏந்தி எடுத்து, புட்டின் மேல் வைத்தார். வெள்ளைத் துணி போட்ட மேசையில், வெள்ளைத் தட்டில், சிவந்த குழம்பு வடிய அந்த மீன் மறுபடியும் என்னைப் பார்த்தது. அங்கிளின் கை பாதி வழியில் நின்றது. அந்தத் தட்டு சுத்தமாகவே இருக்க வேண்டியது, யாரும் ஒருநாளும் அதில் சாப்பாடு வைத்ததில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் காது சுட்டது. காலையில் செய்த பிழை போதாதென்று அம்மா இன்னொன்றும் செய்துவிட்டார்.

"தம்பிக்குத் தலை இருந்தாக் காணும். வேற ஒண்டும் கேக்கமாட்டான்" என்றார் அம்மா, ஒருவரையும் பாராமல்.

அம்மா சித்தப்பாவைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆகவே பிழையைத் திருத்துவதற்காக நான் அந்தத் தட்டைத் தூக்கிச் சித்தப்பா பக்கம் நகர்த்தினேன். சித்தப்பா அதைக் கையால் மறித்தார்.

"வையம்மா. அது எனக்கில்லை."

அவர் பகிடியும் சிரிப்பும் இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்கு என்று அன்ரி என்னிடம் மெதுவாகக் கேட்டார். என்னுடைய அங்கிளுக்கு, அம்மாவுக்கு உங்கள் முறை விளங்கவில்லை, மன்னியுங்கள் என்று நான் சொன்னேன். அன்ரி நான் காட்டிய சித்தப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு கண்ணாடிக் குவளை எடுத்துவந்து, அதில் பழரசம் நிறைத்து, அந்தத் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

அம்மாவோடு கூடப் பிறந்த தம்பி ஒருவர் இருந்தார். எங்கள் நாட்டுப் போரின் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டவர். இறந்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. எங்கள் வீட்டில் அவருடைய படம் மாட்டவில்லை, மாட்டினால் மாலை போட வேண்டும். திவசம் கொடுக்கவில்லை, கொடுத்தால் அவர் வரமாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உயிரோடு இருப்பவனுக்கு வைக்கிற சோறா, போனவனுக்குப் படைக்கிற சோறா என்று யாரும் கேட்காத ஒரு தட்டு அம்மாவுக்கு அந்த மேசையில் கிடைத்தது. இவ்வளவும் நான் பெரியவளான பிறகு அப்பா துண்டு துண்டாகச் சொல்லித் தெரிந்தது.

ஒன்பது வயதில் எனக்கு விளங்கியதெல்லாம், சித்தப்பாவுக்கு மீன்தலை பிடிக்காது, அது கூடவா இத்தனை நாளும் அம்மாவுக்குத் தெரியாது என்பதுதான். கணவரின் தம்பியை அம்மா ஒருநாளும் 'அவன்' என்று சொன்னதில்லை. மீன்தலையை வைக்கும்போது 'கேக்கமாட்டான்' என்று சொன்னதை நான் அன்று கவனிக்கவில்லை.