அப்பா வீட்டில் இல்லாத அரை மணித்தியாலம்

போன வருடத்துக்கு முதல் வருடம், என் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான சில கிழமைகளில் நடந்தது இது. இடம் எங்கள் வீடு. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தொடர்மாடியின் மூன்றாம் மாடி. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களோடு கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் 'இறக்கம்' என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்கும் வரை காத்திருந்து, அடுத்த ஹோல்ட்டில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். மகள் எங்களுக்கு மிகவும் பிந்திக் கிடைத்த பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு ரிப்போர்ட் வாங்கப் போனால், "அம்மம்மாவோ வந்திருக்கிறியள்?" என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவேன்.

அதனால் படிப்பு விஷயம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். துறைமுகத்தில் வேலை செய்தவர். பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது, காலும் கொஞ்சம் இழுக்கும். அந்தக் காலோடுதான் மகளை வெள்ளவத்தைக்கு ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போவார். வகுப்பு முடியும் வரை பஸ் ஓடும் காலி வீதியில் ஒரு கடை வாசலில் மற்ற அப்பாமாரோடு நிற்பார். எந்த மாஸ்டர் இரசாயனவியலுக்கு நல்லம், எந்தப் பாடநெறிக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்பதெல்லாம் அந்த வாசலில் நின்றுதான் படித்தார். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடும்போது எதை முதலாவதாகப் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று அப்பாவும் மகளும் பெரிய சண்டை.

"நீங்க போர்ட்டில மூட்டை எண்ணின மாதிரி இதை எண்ணேலாது அப்பா" என்பாள் அவள்.

"நீ பிறக்க முதலே எண்ணத் தொடங்கினவன் நான். பேசாம நான் சொல்லுறதைப் போடு" என்பார் அவர்.

கடைசியில் அவள் சொன்னதைத்தான் போட்டார்கள். பேராதனையில் பொறியியல் கிடைத்தது. செய்தி வந்த அன்று அவர் தொடர்மாடியின் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் காலோடு நாலு மாடியும் ஏறி இறங்கினார்.

அதன்பிறகுதான் யோசனை வந்தது. படிப்பு இலவசம், சரி. ஆனால் அங்கே போய் இருக்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். லெப்டொப் இல்லாமல் பொறியியல் படிப்பது கஷ்டம் என்று மூத்த பிள்ளைகள் சொன்னார்கள். நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். அதில் வீடு ஓடும், அதற்கு மேல் ஓடாது. அரசாங்க உதவிப்பணத்துக்குக் கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் எடுத்து எழுதிப் போட்டோம். அது கைக்கு வரும்போது வரும் என்றார்கள்.

அப்போதுதான் தெரிந்த ஒருவர், படிக்கும் பிள்ளைகளுக்கு உதவி செய்கிற ஓர் அமைப்பு வெள்ளவத்தையில் இருக்கிறது என்றார். அதன் பெயர் இங்கே வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் அனுப்பும் பணத்தை, கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்களாம். நானும் மகளும் போனோம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு ஃபிளட்டில் ஒபிஸ். அங்கே இருந்த மிஸ் மிகவும் அன்பாகக் கதைத்தா. மகளின் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி" என்று அவளுடைய தோளில் தட்டினா. தகப்பன் இருக்கிறாரோ, அவருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து என்று எல்லாம் கேட்டா. நாங்களும் ஒன்றும் மறைக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எங்கட ஆக்கள் வீட்டுக்கு வருவினம். ஒரு சின்ன வீடியோ எடுப்பினம். காசு தாறவைக்குக் காட்ட வேணும்தானே" என்றா.

மகளுக்கு முகம் மாறிவிட்டது. பஸ்ஸில் வரும்போது, "எனக்கு இது விருப்பமில்லை அம்மா. கம்பஸில எல்லாரும் ஃபோனில பாப்பினம்" என்றாள். எனக்கும்தான் விருப்பமில்லை. காமரா என்றாலே என் கழுத்து விறைத்துவிடும். ஆனால் லெப்டொப்புக்கு வேறு வழி தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள் பிள்ளை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அமைப்பில் பொறுப்பானவர், வயதானவர், வெள்ளை சேட் போட்டவர். மற்றவர் வீடியோ எடுக்கும் தம்பி, கையில் ஒரு தடியில் பூட்டிய ஃபோன். என் வீட்டுக்காரர் காலையிலேயே முகம் வழித்து, நல்ல சேட் போட்டு, கதிரைகளைத் துடைத்து வைத்திருந்தார். வந்தவர்களை இருக்கச் சொல்லி, பிளேன்டீ ஊற்றச் சொன்னார். மகள் எந்த வகுப்பில் என்ன பரிசு எடுத்தாள் என்று அலுமாரிக் கண்ணாடிக்குள் இருந்த கப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார்.

தம்பி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜை ஒரு பழைய சீலையால் மூடச் சொன்னார். ரீவியைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். கப்புகள் இருக்கட்டும் என்றார். நாங்களும் சொன்னபடி செய்தோம். என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் ரீவியைத் திருப்ப உதவினார். "இது எங்கட காசில வாங்கினதில்லைத் தம்பி, மச்சான்காரன் தந்தவன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு அந்தப் பொறுப்பான ஐயா அவரைப் பார்த்து, "ஐயா, வீடு சின்னன். காமராவுக்கு இடம் காணாது. ஒரு அரை மணித்தியாலம் கீழ போய் இருந்தால் நல்லம்" என்றார்.

"ஓம், ஓம். அதுக்கென்ன" என்று அவர் உடனே எழும்பிவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, மகளிடம் "வடிவாக் கதை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எனக்கு அப்போதுகூட ஒன்றும் விளங்கவில்லை. வீடு சின்னதுதானே என்று நினைத்தேன்.

என்னைக் கதிரையில் இருத்தினார்கள். மகள் பக்கத்தில் நின்றாள். தம்பி ஃபோனைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தப் பொட்டை ஒருக்காச் சரி பண்ணுங்கோ" என்றார்.

வியர்வையில் அழிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து எழும்பிப் போனேன். கண்ணாடியைப் பார்த்து, சீலைத் தலைப்பால் ஒற்றி, குங்குமத்தை எடுத்து வட்டமாக, முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொண்டு வந்தேன். படம் எடுக்கிறார்களே, வடிவாக இருக்கட்டும் என்று.

தம்பி அந்த ஐயாவைப் பார்த்தார். ஐயா தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அதில்லை. அதை எடுத்து விடுங்கோ. வீடியோவுக்கு மட்டும்தான். பிறகு வச்சுக் கொள்ளலாம். பிள்ளைக்குத் தகப்பன் இல்லை எண்டு சொல்லுவம். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, நான் சொல்லுவன். நீங்கள் கீழ பாத்துக்கொண்டு இருந்தால் போதும்."

மகள்தான் கேட்டாள். "அங்கிள், அப்பா இப்பத்தானே இறங்கிப் போனவர். நீங்கள் அவரோட கதைச்சனீங்கள்."

"பிள்ளை, நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். தகப்பன் இருக்கிற வீட்டு வீடியோவுக்கு ஒருத்தரும் காசு அனுப்பீனம் இல்லை. ஆம்பிளை இருக்கிறார்தானே, உழைக்கட்டும் எண்டு எழுதுவினம். வருத்தக்காரன் எண்டு சொன்னாலும் நம்பாயினம். இதுக்கெண்டால் ஒரு கிழமைக்குள்ள லெப்டொப் வந்திடும்."

"அப்ப அப்பா உயிரோட இருக்கிறது எங்கட பிழையோ?" என்று கேட்டாள் மகள்.

தம்பிக்கு இது புதிதில்லைப் போல. "எத்தினையோ வீட்டில செய்தனாங்கள் அம்மா. சும்மா ஒரு வீடியோதானே" என்றார். தேத்தண்ணிக் கோப்பை அவருடைய கையில் இருந்தது. என் வீட்டுக்காரர் ஊற்றச் சொன்ன தேத்தண்ணி.

இதை வாசிக்கும் ஆண்களுக்கு அது எப்படி இருந்தது என்று விளங்குமோ தெரியாது. அவருக்குப் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், விடிய எழும்பிப் பொட்டு வைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் வைக்கக் கிடைத்ததே என்று கும்பிட்டுக்கொண்டு வைத்தவள் நான். அதைத் துடைத்துவிட்டு, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

எனக்கு ஏசத் தெரியாது. பெரிய மனிதரை எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லை. எழும்பி நடையில் போய், கைபிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். தொடர்மாடி வாசலில் இருக்கிற தேத்தண்ணிக் கடையில், நீட்டு மர வாங்கில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டேன்.

என் குரல் அவ்வளவு உரத்து வரும் என்று எனக்கே தெரியாது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வீட்டுக்குள்கூட அந்தச் சொல்லை மெல்லமாகத்தான் சொல்வேன். அன்றைக்கு எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மேல் மாடியிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். கீழே தேத்தண்ணிக் கடைக்காரர் மேலே என்னைப் பார்த்துவிட்டு, அவருடைய தோளில் தட்டி, "அய்யே, நோனா கதா கரனவா" என்று சிங்களத்தில் சொன்னார், மனுசி கூப்பிடுகிறா என்று.

"மேல வாங்கோ" என்றேன். "உடன வாங்கோ."

அவர் ஏறி வருவதற்குள் அந்த ஐயா என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "ஏனம்மா இப்பிடிச் சத்தம் போடுறியள், நாங்கள் களவெடுக்க வந்தனாங்களே" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. படியில் கால் இழுபடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார் அவர். "என்ன, முடிஞ்சுதோ? ஐயாவைக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் என் கதிரையில் இருத்தினேன். பக்கத்தில் நான் நின்றேன். மற்றப் பக்கம் மகள் வந்து நின்றாள். "எடுக்கிறதெண்டா இப்பிடி எடுங்கோ" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

தம்பி ஃபோனைத் தடியிலிருந்து கழற்றினார். அந்த ஐயா படியில் இறங்கும்போது, என் வீட்டுக்காரருக்குக் கேட்காத மாதிரி, ஆனால் எனக்கு நன்றாகக் கேட்கும்படி, "உதவி கேக்கிற ஆக்களுக்கு இவ்வளவு வீம்பு கூடாது" என்றார்.

வீம்பு. அந்தச் சொல்லை நான் எத்தனை நாள் மென்றுகொண்டு திரிந்தேன். எங்கள் நெற்றியில் இருப்பதை எங்கள் நெற்றியில் வைத்திருப்பது வீம்பாம். உண்மையைச் சொல்லி உதவி கேட்பது போதாதாம். காசு தருகிறவர்கள் அழ வேண்டும், அதற்கு இங்கே ஒரு மனிதர் செத்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து மகள் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நான் காணும் பெண் ஒருத்தி. புருசன் த்ரீவீல் ஓடுகிறவர், அவரோடுதான் கோயிலுக்கு வருவாள். வீடியோவில் வெறும் நெற்றியோடு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் பையன். பின்னால் அதே ஐயாவின் குரல். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த நேரம் அவளுடைய புருசன் எந்தக் கடை வாங்கில் இருந்தாரோ என்றுதான் யோசித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் என்னைக் கண்டு வேறு பக்கம் போய்விட்டாள். வெட்கப்பட வேண்டியவர்கள் வெள்ளை சேட் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்க, அவள் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள்.

மகள் லெப்டொப் இல்லாமல்தான் பேராதனைக்குப் போனாள். லேசாக இருக்கவில்லை. கம்பியூட்டர் அறை பூட்டும் வரை அங்கேயே இருந்து வேலை செய்தாள். மற்றப் பிள்ளைகள் தூங்கும்போது அவர்களுடையதை இரவல் வாங்கினாள். அரசாங்க உதவிப்பணம் வந்து சேர்ந்து, அவள் ஒரு பழைய லெப்டொப்பை வாங்கும்போது ஒரு வருடம் போய்விட்டது. அந்த ஒரு வருடத்துக்கு அந்த ஐயாவை நான் மன்னிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அன்று நடந்தது இன்றுவரை தெரியாது. உங்களைச் செத்தவர் என்று சொல்லச் சொன்னார்கள் என்று, ஏற்கெனவே ஒரு பக்கம் விழுந்துபோன மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? நானும் மகளும் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டார். மகள் லீவுக்கு வந்து படிக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம், "அண்டைக்கு நான் கீழயே இருந்திருக்க வேணும். இந்தக் கையையும் காலையும் பாத்திட்டு, இதுக்குள்ள ஆர் காசு போடுறது எண்டு நினைச்சிருப்பினம்" என்பார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அவர் பேப்பரில் ஒரு மூலை விடாமல் வாசிக்கிறவர். இதைப் பேப்பருக்கு அனுப்பும்போது என் பெயர் போடாவிட்டாலும், தேத்தண்ணிக் கடையையும் திருப்பி வைத்த ரீவியையும் கண்டதும் இது யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். முகத்துக்கு முகம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இஞ்சருங்கோ, அன்றைக்கு நீங்கள் ஏறி வந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் கீழே இருக்க நாங்கள் அந்த லெப்டொப்பை வாங்கியிருந்தால், அதை வீட்டில் எந்த மூலையில் வைத்திருப்போம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.