பக்கத்து விறாந்தை விளக்கு

எங்கள் புங்குடுதீவு வீட்டுக்குச் சோலார் தகடு பூட்ட வந்தவர், கூரையில் வேப்பமர நிழல் விழுவதால் சரிவராது என்றார். ஆளில்லாமல் கிடந்த பக்கத்து வீட்டின் கூரையில் நல்ல வெயில். அங்கே பூட்டலாமா என்று, கனடாவிலிருந்த அந்த வீட்டு அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"ஓம், பூட்டும். என்ரை விறாந்தையிலையும் ஒரு லைற் எரியட்டும்."

ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு வெளிச்சம் என்று எனக்கு எரிச்சல். பொழுதுபட்டால் அது தானாகவே எரியும். தெருவால் போகிறவர்கள் படலையில் நின்று, "அக்கா, எப்ப வந்தனீங்கள்?" என்று கூப்பிடுவார்கள். "அங்கை ஒருத்தரும் இல்லை!" என்று நான் இந்தப் பக்கம் நின்று கத்துவேன்.

போன மாதம் அக்கா கனடாவிலேயே இறந்துபோனார். செய்தி வந்த அன்று மாலையும் விளக்கு எரிந்தது. படலையில் யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். அங்கே ஒருவரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.