ராகி படுத்த பாயில் மணி

தெருவில் மீட்கப்படும் நாய்க்குட்டிகளை, யாராவது தத்தெடுக்கும் வரை பெங்களூரு ஆஸ்டின் டவுனில் உள்ள என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். சென்ற ஆண்டு வந்த ராகி என்ற குட்டி, பார்வோ நோய் கண்டு, ரத்தபேதியாகி நான்கே நாளில் இறந்துபோனது. வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

அடுத்த மாதம், தாயை லாரிக்குப் பறிகொடுத்த இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். மனசு கேட்கவில்லை. மணி என்று பெயர் வைத்து, ராகி படுத்த பாயிலேயே படுக்க வைத்தேன். ஆறாம் நாள் அவன் சோற்றைத் தொடவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"முன்னாடி இருந்த குட்டி எதுல செத்துச்சும்மா?"

சொன்னேன்.

"பினாயிலுக்கெல்லாம் அந்தக் கிருமி சாகாதும்மா. மாசக்கணக்குல வீட்டுலயே இருக்கும். ஊசி போடாத குட்டியை ஏன் சேர்த்தீங்க?"

மறுநாள் காலை, டிரிப்ஸ் ஏறும்போதே மணி என் மடியில் அடங்கிப்போனான். ராகியையாவது நோயோடுதான் கொண்டுவந்தார்கள். மணி நன்றாக வந்தவன்.

இப்போது தடுப்பூசி எல்லாம் போட்ட பெரிய நாய்களை மட்டுமே வைத்துக்கொள்கிறேன். குட்டியோடு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

"பாவமா இல்லியாக்கா?" என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள்.

"பாவம் பார்த்துத்தான்மா மணியை உள்ள விட்டேன்" என்றேன்.