யான் மாயன் குன்றில ஒரு செத்தல் மிளகாய்

பேய், பிசாசு, கண்ணூறு ஒண்டையும் நான் நம்புற ஆளில்லை. நீங்கள் சிரிப்பியள், சிரியுங்கோ. ஆனா இது நடந்தது.

நானும் சுகந்தியும் ஒஸ்லோவில ஒரே கந்தோரில வரைபடம் கீறுற வேலை. வடதுருவப் பக்கம் யான் மாயன் எண்டொரு தீவு இருக்கு. மேல்பாதி பனிமலை, நடுவில ஒடுங்கின இடுப்பு, கீழ்ப்பாதி முழுக்க எரிமலை கக்கின கல்லுக் குன்றுகள். அந்தக் குன்றுகளை வருசக்கணக்காப் படத்தில பார்த்துப் பார்த்துக் கீறினது நான். எந்தச் சரிவில கல்லு உருளும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். போன கோடையில அளக்க அனுப்பினது ஆரை? சுகந்தியை! எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது, ஏன் மறைப்பான்.

அவள் வெளிக்கிட முதல் ஒஸ்லோவின்ர ஒரு பக்கமா இருக்கிற ஹவுகன்ஸ்டுவாவில அவளின்ர வீட்டை போனனான். அவளின்ர அம்மா உப்பும் மூண்டு செத்தல் மிளகாயும் எடுத்து அவளுக்குக் கண்ணூறு சுத்தினா. எரிக்கேக்கை நெடி வராட்டி பொல்லாத கண்ணூறாம். ஆனா வீட்டுக்கை எரிச்சா அலாரம் அடிச்சு முழு புளொக்கும் இறங்கி ஓடும், முந்தி ஒருக்கா தீயணைப்பு வண்டியே வந்தது. "பிள்ளை, வெளியில எங்கையாவது எரிச்சுவிடு" எண்டு என்ர கையில தந்தா. பாருங்கோவன், ஆரிட்டைக் குடுத்தவ எண்டு! நான் நீல ஜக்கெற் பொக்கற்றுக்கை வைச்சனான், எரிக்கேல்லை. எரிக்க மனம் வரேல்லை.

பிறகொரு மத்தியானம் கந்தோரில இருக்கேக்கை அவள் அனுப்பின படம் வந்துது. என்ர குன்றுக்குக் கீழ இருந்து சாப்பிடுறாள், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தச் சரிவில கல்லு உருளட்டும் எண்டு நினைச்சனான். ஓம், அப்பிடித்தான் நினைச்சனான்.

திரும்பி வந்தவள் நேர என்ர வீட்டை வந்து கட்டிப்பிடிச்சு அழுறாள். "எடி, சாப்பிடேக்கை மேல முகட்டில நீ நிண்டனி. அதே நீல ஜக்கெற். இவள் எப்ப வந்தவள் எண்டு எழும்பி உன்னட்டை வர, நான் இருந்த இடத்தில கல்லு வந்து விழுந்துது. ஏறிப் பார்த்தா நீ இல்லை. இதுதான் கிடந்தது."

அவளின்ர உள்ளங்கையில ஒரு செத்தல் மிளகாய். பாசியைத் தவிர ஒண்டும் முளைக்காத குன்றில!

ஜக்கெற் கொழுவியிலதான் தொங்கினது. கையை விட்டுப் பார்த்தன். உப்பு இருந்தது, மிளகாய் ரெண்டுதான் இருந்தது.

"என்னைக் காப்பாத்தினது இவள்தான்" எண்டு இண்டைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரியிறாள்.

அவள் போனாப்பிறகு, அவள் தந்ததோட சேர்த்து மூண்டையும் வெறும் சட்டியில போட்டுக் கருக்கினனான். கரியாப் போச்சு, ஒரு நெடி இல்லை, அலாரமும் அடிக்கேல்லை. அது பழுதெண்டு நினைக்காதேங்கோ, அடுத்தநாள் பாண் கருகினதுக்கே வீடு அதிரக் கத்தினது.

இந்தக் கோடைக்கும் அவளைத்தானாம் அனுப்பப் போகினம். கேள்விப்பட்ட நேரம் தொட்டு எனக்கு வயிறு எரியுது. நிப்பாட்டப் பாக்கிறன், ஏலாமக் கிடக்கு.